முப்பத்தோரு கிலோ

மலையேற்றம் சொல்லிக்கொடுக்கும் செசிலியிடம் ஒரு கேள்வி கேட்க உலகநாதன் வந்தபோது அவர் முதுகில் முப்பத்தோரு கிலோ இருந்தது.

அதைப் பை என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். ஒரு பெரிய பை, அதன் தலையில் ஒரு சின்னப் பை, இரண்டு பக்கமும் தொங்கும் மூட்டைகள், அடியில் சுருட்டிக் கட்டிய தார்ப்பாய் என்று ஒரு குடும்பமே அவர் முதுகில் ஏறி வந்திருந்தது. கரடிமுடி அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், செசிலியின் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மணி மூன்றரை. காலையிலிருந்து தூறல். மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.

உலகநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு, செசிலிக்கு முப்பத்தாறு. ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலை ஏற வந்துவிட்டார். ஏழு வருஷமாக அவளிடம் பாடம் கேட்கிறார். எல்லாரையும் போல அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"வாங்கண்ணே," என்றாள். பையை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலையில் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று கரடிமுடிக்குக் கிளம்புகிறது. நாலு நாள் நடை. அதை உலகநாதன் கூட்டிப் போவதா, வேறொருவர் போவதா என்பதைச் செசிலி அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தது. ஒரு வருஷமாக அவர் மலைப் பக்கமே வரவில்லை. இந்த முறையும் விட்டால் இனி இந்த ஜென்மத்தில் ஏறமாட்டோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மலையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. வீட்டில் பேச ஆளில்லை. டிவி மட்டும் பேசும்.

"பையைப் பிரிச்சிரலாமா?" என்றாள் செசிலி.

அவள் வைத்த வழக்கம் அது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொருவரும் தன் பையைத் தார்ப்பாயில் கொட்டவேண்டும். ஒவ்வொரு சாமானையும் எடுத்துக்காட்டி, இது எதற்கு என்று கேட்பார்கள். பதில் 'ஒருவேளை' என்று ஆரம்பித்தால் அந்தச் சாமான் அடிவாரத்திலேயே தங்கிவிடும். மலையில் மழை நிச்சயம், பசி நிச்சயம், கால்வலி நிச்சயம். நிச்சயமானதற்கு மட்டும்தான் முதுகில் இடம்.

வழக்கம் அவளுடையது என்றாலும் அதில் பேர் வாங்கியவர் உலகநாதன். அந்த 'ஒருவேளை'யை யாராவது வாய்க்குள் மென்று விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவது சட்டை, நாலாவது பிஸ்கட் பாக்கெட், முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக்கொண்டே கேலி பேசுவார். சிரித்துச் சிரித்தே பாதிப் பாரம் குறைந்துவிடும். அவருடைய பை எட்டரைக் கிலோ. அதற்குமேல் ஒரு கைக்குட்டை ஏறியதில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. கொஞ்ச நஞ்சமில்லை, நிறையவே உண்டு.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் வந்த குழுவில் கதிரேசன் என்று ஒருவர் இருந்தார். காரைக்குடியில் டிராயிங் மாஸ்டர், நாற்பத்து நாலு வயது, சாது. பையிலிருந்து ஒரு கனத்த கம்பளி வந்தது.

"இது எதுக்கு சார்?"

"ஒருவேளை ரொம்பக் குளிருச்சுன்னா... எங்க ஆச்சி வச்சுவிட்டது."

அவர்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்பார்கள்.

"ஆச்சியையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுக் கூட்டியாந்திருக்கலாமே சார்," என்றார் உலகநாதன்.

எல்லாரும் சிரித்தார்கள். கதிரேசனும் சிரித்தார். கம்பளி அடிவாரத்தில் தங்கியது.

மூன்றாம் நாள் மழையும் காற்றும் சேர்ந்து பிடித்தன. தூங்கும் பைகள் நனைந்துவிட்டன. செசிலி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் இறங்க, நடக்க முடியாமல் பின்தங்கிய கதிரேசனுடன் உலகநாதன் ஒரு பாறையின் அடியில் ஒதுங்கினார். போனில் சிக்னல் இல்லை. கதிரேசனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கீழே இறங்கினால் வனக்காவலர் குடிசை இருந்தது, அங்கே கம்பளிகள் இருந்தன. உலகநாதன் ஓடினார். நாலு கம்பளியும் ஒரு ஆளுமாகத் திரும்பி ஏறி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதிரேசன் உயிரோடு இல்லை.

இப்போது தார்ப்பாயில் உலகநாதனின் சாமான்கள் கிடந்தன. கீழே இடம் போதாமல் பெஞ்சின்மேலும் ஏறியிருந்தன.

செசிலி ஒரு கம்பளியை எடுத்தாள். "இது?"

"ஒருவேளை யாராவது நனைஞ்சுட்டா."

"இது ரெண்டாவது?"

"ஒருவேளை ரெண்டு பேர் நனைஞ்சுட்டா."

சுடுதண்ணீர்ப் பை. ஒருவேளை நடுக்கம் எடுத்தால். நாலு டார்ச். ஒருவேளை மூன்று பழுதானால். மூன்று அடுப்பு. வயிற்றுப்போக்குக்கு, வாந்திக்கு, நெஞ்சுவலிக்கு, பூச்சிக்கடிக்கு என்று மாத்திரைகள், ஒரு சின்ன மருந்துக்கடை வைக்கலாம். எட்டு ஜோடிக் காலுறை. எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு குல்லா. அவர் வாயிலிருந்து ஒருவேளை வந்துகொண்டே இருந்தது. அவருக்கே அது காதில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை.

செசிலி எதையும் எடுத்து ஓரம் வைக்கவில்லை. கேலியும் பேசவில்லை. கடைசிச் சாமான் வரைக்கும் கேட்டு முடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். அதுக்குத்தான் முன்கூட்டியே வந்தேன்."

"கேளுங்க."

"ஒரு வருஷமா பையை எடுத்து வைக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி வைக்கிறேன். வேலையே அதுதான். ஏதோ ஒண்ணு விட்டுப்போன மாதிரியே இருக்கு. இன்னும் எதை வச்சா என்கூட வர்றவங்க ஒருத்தரும் சாகாம திரும்பி வருவாங்க?"

செசிலி மழையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் திரும்ப உள்ள வைங்க," என்றாள். "தூக்கிக்கிட்டு மேல தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வாங்க. எண்பது படிதான்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பெஞ்சின்மேல் பையை வைத்து, அதற்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது.

படிகள் ஈரமாக இருந்தன. முப்பது படிக்குமேல் நிமிர முடியவில்லை. தோள் இற்றுவிடும்போல வலித்தது. இடுப்பை வளைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறினார். தொட்டியைக் கையால் தொட்டார். திரும்பினார். இறங்குவது இன்னும் கொடுமை. ஒவ்வொரு படியிலும் பை அவரை முன்னால் தள்ளியது. கீழே வந்து பெஞ்சில் பையை இறக்கியபோது, அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

செசிலி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"போற வழியில என்னண்ணே பார்த்தீங்க?"

"படியைப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"என் காலைப் பார்த்தேன். வழுக்கிரக் கூடாதுல்ல."

"வேற?"

"வேற என்ன இருக்கு அங்க?"

"தொட்டிக்குப் பக்கத்துக் கல்லுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. நீங்க ஏறுறப்ப ஒருதடவை கூப்பிட்டாங்க. இறங்குறப்ப ஒருதடவை கூப்பிட்டாங்க. எனக்கே இங்க கேட்டுச்சு."

உலகநாதன் திரும்பிப் பார்த்தார். மேலே தொட்டி ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே பழுப்புச் சேலை. அந்த அம்மாள் இவர்களைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரத்தில் இரண்டு முறை அவளைக் கடந்து போயிருக்கிறார்.

"யாரு மாஸ்டர்?"

"பேரு உமையாள். கதிரேசன் சாரோட அக்கா."

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"காலையிலேயே வந்துட்டாங்க," என்றாள் செசிலி. "நாளைக்குக் குழுவுல எட்டாவது ஆள் அவங்கதான். தம்பி கடைசியா இருந்த பாறையைப் பார்க்கணுமாம். நாலு மாசமா தினம் மொட்டை மாடியில ஏறி இறங்கிப் பழகியிருக்காங்க."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டீங்க."

அது உண்மைதான். அவர் துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை. காரைக்குடி பஸ்ஸில் இரண்டு முறை ஏறியிருக்கிறார். திண்டுக்கல் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டார்.

"எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். என்னன்னு கேட்டேன். அந்த அண்ணன்கிட்டதான் கேப்பேன்னுட்டாங்க."

தூறல் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உலகநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். பை பக்கத்தில் இருந்தது, இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

"கம்பளியை ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க," என்றார்.

"கேக்கலாம்."

"கம்பளி இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா மாஸ்டர்?"

"தெரியாதுண்ணே."

"நீங்க சொல்லணும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. அதுவும் நனைஞ்சிருக்கலாம். நனையாமலும் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

அவர் பையின் பட்டையை இழுத்து இறுக்கினார்.

"அன்னைக்கு நடந்ததை எனக்கு மறுபடி ஒருக்கா சொல்லுங்க," என்றாள் செசிலி.

"எத்தனையோ தடவை சொல்லிட்டேனே. போலீஸ்ல சொன்னேன், வன இலாகாவுல சொன்னேன், உங்ககிட்ட சொன்னேன்."

"இன்னொரு தடவை."

அவர் சொன்னார். பாறை, காற்று, நடுக்கம், போன், எல்லாம் மனப்பாடமாக வந்தன. "ரெண்டு மணி வாக்குல அவர் கண் அசந்துட்டார். தூங்கிட்டு இருந்தார். சரி, அதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்னு இறங்கினேன். கீழ குடிசைக்குப் போய்..."

"அந்த இடத்துல மட்டும் எப்பவும் வேகமாப் பேசுறீங்கண்ணே."

"எந்த இடத்துல?"

"தூங்கிட்டு இருந்தார்ங்கிற இடத்துல."

உலகநாதன் தன் கைகளைப் பார்த்தார். பையின் பட்டை தோளை அழுத்தியதில் மரத்துப்போயிருந்த விரல்கள் இப்போதுதான் உணர்வு வந்து எரிந்தன. ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தார். சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது.

"தூங்கலை," என்றார்.

செசிலி அவர் பக்கம் திரும்பினாள்.

"முழிச்சுக்கிட்டுதான் இருந்தார். நான் எந்திரிச்சதும் என் கையைப் பிடிச்சார். கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. போகாதீங்கன்னார். சார், கம்பளி எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்னேன். கம்பளி வேணாம், எங்க ஆச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும், கேட்டுட்டுப் போங்கன்னார்."

"ம்."

"எனக்கு அப்ப கம்பளிதான் மண்டைக்குள்ள. நான்தானே அதை எடுத்துப் போட்டேன். எப்படியாவது ஒண்ணைக் கொண்டுவந்து போர்த்திட்டா சரியாப்போயிரும்னு இருந்துச்சு. வந்து கேக்குறேன் சார்னு சொன்னேன். கையை உருவிக்கிட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் இதை அவர் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்னதும் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். அப்படியொன்றும் இறங்கவில்லை. பாறையும் அந்தக் கையும் முன்னைவிடப் பக்கத்தில் வந்துவிட்டன.

"நான் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"அதுவும் தெரியாது. உங்க இடத்துல நான் இருந்தாலும் கம்பளிக்குத்தான் ஓடியிருப்பேன்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்லண்ணே. ஓடியிருப்பேன். ஓடிட்டு, தூங்கிட்டு இருந்தார்னு நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ."

மேலே உமையாள் குடையைக் கை மாற்றிப் பிடித்தாள். எழுந்திருக்கவில்லை. மேகம் இன்னும் இறங்கித் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அவங்களுக்கு என்ன சொல்றது மாஸ்டர்? ஏதாவது சொன்னாரான்னுதான் கேப்பாங்க. வேற எதைக் கேப்பாங்க? தூங்கிட்டு இருந்தார்னா, சரி, தெரியாமலே போயிட்டான்னு மனசைத் தேத்திக்குவாங்க. சொல்ல வந்தார், நான் கேக்காம ஓடிட்டேன்னா அவங்க என்ன ஆவாங்க? என்ன சொல்ல வந்தார்னு கேப்பாங்களே. எனக்கே தெரியாதே. அவங்களுக்குக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?"

"நாலு மாசம் மாடி ஏறி இறங்கியிருக்காங்க," என்றாள் செசிலி. "மனசைத் தேத்திக்கிட்டவங்க அப்படிச் செய்வாங்களா?"

உலகநாதன் மேலே குடையைப் பார்த்தார்.

"திட்டுவாங்க," என்றார்.

"திட்டலாம்."

"அடிச்சாலும் அடிப்பாங்க."

"அடிக்கலாம்."

"ஒண்ணும் சொல்லாம அழுதாங்கன்னா நான் என்ன செய்வேன்?"

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மற்ற ஏழு பேரும் ஐந்தரை பஸ்ஸில் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டாகவேண்டும். பெஞ்சிலிருந்து எழுந்து, பாடம் கேட்க வந்த முதல் நாளில் நின்றதுபோல அவள் முன்னால் நின்றார்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போகலாமா மாஸ்டர்?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

"இன்னைக்குச் சாயங்காலம்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அப்ப இந்தப் பையை என்ன செய்யட்டும்? எதை எடுக்கணும், எதை வைக்கணும், அதையாவது சொல்லுங்க."

"பை இங்கேயே கிடக்கட்டும்," என்றாள் செசிலி. "நீங்க வெறுங்கையோட மேல போங்க. அந்தம்மா பக்கத்துல உக்காருங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவங்க எந்திரிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்காதீங்க."